கல்யாண பிளெக்ஸ்

மட்டாஞ்சேரி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் மடியில் மகள் தூங்கினாள். மூச்சு விசில் மாதிரி கேட்டது.

“எங்க கல்யாண பிளெக்ஸ் பேனரைக் கிழிச்சுப் போட்டுட்டேன், அக்கா.”

“அவன்கூட சண்டையா?”

“சண்டை போட வீட்டுல எங்க இடம்? படுக்கிற ரூம் சுவரு ஈரத்துல கறுத்துப்போச்சு. ஆளு வந்தா அசிங்கம்னு அந்த பிளெக்ஸை வச்சு மறைச்சோம். இப்ப எடுத்துப் பாத்தா பின்னாடி முழுக்கப் பூப்பல், பூசணம் பூத்துக் கெடக்கு. இவ அந்தச் சுவரை ஒட்டித்தான் படுப்பா.”

“பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவு.”

“கழுவினேன். மேல்வீட்டுக் குழாய் ஒழுகுது. அந்த வீட்டு சேட்டன் மழை நிக்கட்டும்ங்கறாரு.”

“இவ இழுப்புக்கு டாக்டர் என்ன சொன்னாரு?”

“அந்த ரூம்ல படுக்க வைக்காதேன்னாரு. ஒரே ரூம்தான்னு சொன்னேன். மருந்து எழுதிக் குடுத்தாரு.”