பாட்டு நடுவில் பேசும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பேசுகிற குரல் பாட்டுப் பதிவில் விழாமலிருக்க என்ன செய்ய வேண்டும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

காலை வாலாஜாபாத் பஸ்ஸில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த எனக்கு முன்சீட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு ஒரு பெண், பக்கத்தில் பார்வையில்லாத அவள் தம்பி.

“பாட்டு நடுவுல கம்ப்யூட்டர்ல பேசுற அந்தப் பொம்பள ‘ஸ்டாப் பட்டன்’னு பேசிட்டாக்கா. ஸ்டுடியோக்காரர் சிரிச்சிட்டாரு.”

“இன்னாடா, ஸ்கிரீன்ல கீறத படிச்சுக் காட்டுவாளே, அவளா? வாய மூட வையேன்.”

“அவ வாய மூடினா எனக்குக் கண்ணு போயிடும். பதிவுல எங்க வெட்டணும்னு யார் சொல்றது?”

“நைட் ஷிப்ட், அதுக்கு மேல ஓ.டி. தூங்கி எழுந்து நானே வெட்டித் தரேன்.”

“அப்ப ஸ்டுடியோ வேலையும் உனக்குத்தான் குடுப்பாங்க. பொங்கலுக்குள்ள நானே சுத்தமா எடுத்துத் தரணும்க்கா.”

அக்கா தம்பியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

குறுக்கே பேசலாமா கூடாதா என்று யோசித்தபடியே குழந்தையோடு இறங்கிவிட்டேன். வழி தெரிந்தவர்கள் பொங்கலுக்குள் எழுதுங்கள். அவர்கள் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள், சொல்லிவிடுகிறேன்.