பத்துன்னு சொன்னேன்

காய்ச்சல் இன்னும் நூத்தி ரெண்டா? காலைலயும் அதானே இருந்துச்சு. இல்லம்மா, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நான் இந்த வார்டு நர்ஸ் இல்ல. ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன். உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக் கொழந்தைய எடுத்தப்போ நானும் உள்ள இருந்தேன். கொழந்தையக் கொண்டாந்து உங்க கையில குடுத்தாளே ஒல்லியா ஒருத்தி, அவ வேற. நான் உள்ளயே நின்னவ.

சும்மாதான் வந்தேன். இல்ல, சும்மா இல்ல. இருங்க, சொல்றேன்.

கட்டில் பக்கத்துல உக்காந்து உதட்ட அசைச்சுக்கிட்டே இருந்தீங்களே, ஜெபமா? நெனச்சேன். நானும் சபைக்குப் போறவதான். என் ஜெபத்தக் கேட்டா சிரிச்சிருவீங்க. ஆண்டவரே, சாவியக் காட்டும். ஆண்டவரே, கண்ணாடிய எங்க வச்சேன். பெரும்பாலும் இதான். உலகத்தப் படைச்சவர உன் சாவியத் தேடுற வேலைக்கு வச்சிருக்கியேன்னு எங்க வீட்டுக்காரர் ஓட்டுவாரு. என்ன பண்றது, எனக்கு அப்படி ஒரு மறதி. கொடை, பர்ஸு, சீப்பு, எத வச்சாலும் வச்ச எடம் மறந்துரும். ஒரு நிமிஷம் கண்ண மூடி நிப்பேன். தொறந்தா கண்ணு நேரா அதுமேலயே போய் விழும். ஒருவாட்டி கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள்ள, முட்டைக்குப் பக்கத்துல இருந்துச்சு. அதச் சபையில எந்திரிச்சு சாட்சியாவே சொன்னேன்னா பாத்துக்கோங்க. எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க.

பைபிள்ல பத்து வெள்ளிக்காசுல ஒண்ணத் தொலைச்ச பொம்பள கதை தெரியும்ல? அதான், விளக்கக் கொளுத்தி வீட்டப் பெருக்கித் தேடுவாளே. எத்தன பிரசங்கம் கேட்டிருக்கேன். எனக்கு மனசுல நின்னதெல்லாம் கடைசில கெடச்சிருச்சுங்குறது மட்டுந்தான். அவ வெளக்கமாறு எடுத்தத நான் கண்டுக்கவே இல்ல.

உள்ள எங்க வேல என்னன்னா, ரத்தத்த ஒத்தி எடுக்கத் துணி இருக்கும், மாப்புன்னு சொல்லுவோம். பத்து உள்ள போனா பத்தும் வெளிய வரணும். தையல் போடுறதுக்கு முன்னாடி எண்ணிச் சொல்லணும். நான் சரின்னு சொன்னாத்தான் டாக்டர் மூடுவாரு. பதினாறு வருஷமா நான் சொன்னா மறுபேச்சு கெடையாது. வீட்டுல தொலைப்பேன், தியேட்டர்ல ஒரு ஊசிகூடத் தொலைச்சதில்ல.

அன்னிக்கு எண்ணுனேன், ஒம்போது. மறுபடி எண்ணுனேன், ஒம்போது. ஒல்லிக்காரி கொழந்தையத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா. அடுத்த கேஸ் வாசல்ல காத்துக் கெடக்கு. சிஸ்டர், சரியாங்குறாரு டாக்டர். நான் என்ன பண்ணேன் தெரியுமா? கண்ண மூடுனேன். ஆண்டவரே, காட்டும். தொறந்தேன். குப்பை பக்கெட் ஓரமா வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது. கெடச்சிருச்சுன்னு நெனச்சுட்டேன். குனிஞ்சு கையால எடுத்துப் பாக்கல. பத்து, சரியா இருக்கு டாக்டர்னு சொல்லி, தாள்ல கையெழுத்தும் போட்டேன். அப்புறம் பக்கெட்டக் கொட்டுறப்போ பாத்தா அது கையுறை சுத்தி வர்ற காகிதம்.

அப்பவே சொல்லியிருக்கணும்தான். சொல்லுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க. பயந்துட்டேம்மா. வேல போயிரும், அது ஒண்ணு. அதவிட, சொல்லிட்டா நெசமாயிருமோன்னு ஒரு பயம். ஒருவேள நான் தப்பா எண்ணியிருப்பேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மூணு நாளா ஜெபம் பண்றேன், தூக்கம் இல்ல.

ஒண்ணு சொல்றேன், பைத்தியம்னு நெனைக்காதீங்க. இந்த மூணு நாள்ல நான் ஒண்ணுமே தொலைக்கல. சாவி மாட்டுன ஆணியிலயே இருக்கு. கண்ணாடி கைக்கெட்டுற எடத்துல இருக்கு. வீடே சொன்ன பேச்சு கேக்குது. அதான் எனக்குப் பயமா இருக்கு. உனக்கு இனிமே தேடிக் குடுக்க ஒண்ணுமில்ல, தொலைஞ்சது எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்னு யாரோ பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி இருக்கு. அவர் என் சாவியத் தேடவே இல்லம்மா இத்தன நாளும். என்னத்தான் தேடியிருக்காரு. நான் ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

இப்பத்தான் பெரிய டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வர்றேன். திட்டக்கூட இல்ல, எந்திரிச்சு ஓடுனாரு. வீட்டாளுங்ககிட்ட நானே சொல்றேன்னாரு. இல்ல சார், நான் போறேன்னு வந்துட்டேன். வந்து கண்ணாடிக் கதை பேசிக்கிட்டு இருக்கேன் பாருங்க.

முழிச்சுட்டாளா? தண்ணி கேக்குறாளா? குடுக்காதீங்க. உதட்ட மட்டும் நனைச்சு விடுங்க, போதும். வயிறு காலியா இருக்கணும். ஸ்ட்ரெச்சர் வந்துக்கிட்டு இருக்கு, மறுபடி தொறந்துதான் எடுக்கணும். அந்தத் துணி அவ வயித்துக்குள்ளதாம்மா இருக்கு.