குழாய்த் தண்ணீருக்கு ஒரு கோடு

குளிர்காலத்தில் யாருக்குத்தான் உதடு வெடிக்காது ஐயா. நான் வெறும் எண்ணெயைத் தடவிக்கொண்டு போய்விடுவேன். எங்களோடு வேலை பார்த்த சிட்டுவுக்கு எங்கள் கம்பெனி லிப் பாம்தான் வேண்டும்.

அவள் பேக்கிங்கில் இருந்தாள். பேச்சு ஓயாது என்பதால் சிட்டு என்று கூப்பிடுவோம். கோதுமை துளி உள்ளே போனாலும் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் ஒரு தடவை பிழைத்ததே பெரும்பாடாம். ‘குளூட்டன் இல்லை’ என்று டப்பாவில் எழுதியிருந்தால்தான் தொடுவாள். குளூட்டன் என்றால் கோதுமையில் இருக்கிற புரதம். அப்படி எழுதலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது.

நாற்பத்து மூன்று வயதுவரை நான் கைநாட்டு. ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். அதனால்தான் கிரீம் கலக்கும் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த எனக்குச் சோதிக்கிற வேலையையும் சேர்த்துக் கட்டினார்கள்.

காலையில் அந்தத் தொட்டியில் கோதுமைப் புரதம் போட்ட முகக் கிரீம் ஓடும். மதியம் அதிலேயே லிப் பாம். நடுவில் உள்ளே இறங்கி மூன்று தடவை சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு தொட்டிச் சுவரைப் பஞ்சால் துடைத்து, மருந்துத் தண்ணீரில் முக்கி, அதில் சோதனைப் பட்டையை நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு கோடு வந்தால் சுத்தம். இரண்டு வந்தால் கோதுமை இருக்கிறது, மறுபடி இறங்கு என்று அர்த்தம். என் முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் தொட்டியைத் துடைக்காமலே பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நனைத்தேன். குழாய்த் தண்ணீருக்கு எப்போதும் ஒரு கோடுதான். நோட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன். போகப்போக மூன்று கழுவல் இரண்டானது, இரண்டு ஒன்றானது. இப்படி எட்டு மாதம்.

ஒரு மதியம் சிட்டு உதடு வீங்கி என் மேசைக்கு வந்தாள். பாதி தீர்ந்த டப்பாவை நீட்டினாள்.

“அண்ணே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. சாப்பாட்டுல ஒண்ணுமில்ல. இதத்தான் நாள்பூரா தடவுறேன்.”

“வாயக் கொஞ்ச நேரம் மூடி வச்சா உதடு வெடிக்காதுல்ல,” என்றேன்.

“அதுல என் வீட்டுக்காரரே தோத்துட்டாரு,” என்று வீங்கிய உதட்டோடு சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று அவள் டப்பாவை முறையாகவே சோதித்தேன். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கோடு.

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் கடைகளுக்குப் போன பெட்டியெல்லாம் திரும்பி வரும். நோட்டைப் புரட்டுவார்கள். என்னை வெளியே அனுப்புவார்கள், இந்த வயதில் எங்கே போய் நிற்பேன். பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு அவளிடம் போய், டப்பாவைத் திருப்பிக் கொடுத்து, ஒரு கோடுதான் என்றேன்.

“நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்ணே,” என்றாள். என் எதிரிலேயே திறந்து தடவிக்கொண்டாள். தீரப்போகிறதே என்று புதிதாக ஒன்றும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வேலையில் இருக்கும்போதே அவளுக்கு மூச்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் மகளுக்கு நான்கு வயது.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தெரிந்துதான் கொடுத்தேன். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அத்தனை பேரில் என் எழுத்தை அப்படி நம்பியது அவள் ஒருத்திதான். அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை ஐயா.