பதினாறு வரன்களும் என் கைபேசியும்

எனக்குக் காலையில் மூன்று இட்லி போதும், அம்மிணி. என் மகள் இந்துமதி ஊற்றியதாக இருந்தால் முப்பது.

புகாரை எழுதும் முன் இதையும் கேட்டுவிடுங்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நாக்கு அரித்தது. நான் லிங்கசாமி. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கோடிப் பனியனாவது விரித்துப் பார்த்திருப்பேன். நல்லதை ரசித்து நின்றால் வேலை ஆகாது. ஓட்டையைக் கண்டுபிடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, தள்ளிவிட வேண்டும்.

வரன் வந்தால் அந்த ஊருக்கே போய் விசாரிப்பது எங்கள் வழக்கம். முட்டிவலியைச் சாக்காக வைத்து நான் கைபேசியில் விசாரித்தேன். பையன் பெயரைப் போட்டால் போதும். நாம் யாரைக் கேட்கிறோம் என்று அதற்குத் தெரியாதல்லவா, அந்தப் பெயரில் தினுசுக்கு ஒருவராகப் பரப்பி வைக்கும். ஒரு பல் டாக்டர், ஒரு கபடி வீரர், ஒரு தேங்காய் வியாபாரி, கீழே எங்காவது ஒரு கைதி. என்ன தாராளம்.

நான் கைதியின் படத்தைப் பெரிதாக்கி இந்துமதி கையில் கொடுப்பேன். பொய் ஒன்றும் சொன்னதில்லை. "நீயே பாரு கண்ணு" என்பதோடு சரி.

"வேண்டாங்கப்பா" என்பாள். அவள் மனம் தேறட்டும் என்று ஜிலேபி வாங்கி வருவேன். முக்கால்வாசி நானே தின்றுவிடுவேன்.

பதின்மூன்று வருடத்தில் பதினாறு வரன். உடுமலைப்பேட்டைப் பையன் பெயரில் ஒரு கைதியும் அகப்படவில்லை. அரைநாள் தேடி, மூன்று பெண்டாட்டிக்காரக் கிழவர் ஒருவரைப் பிடித்தேன். படத்தில் முகம் மங்கல். அதிர்ஷ்டம்தான்.

போன வாரம் பதினேழாவது, வெள்ளகோவில் சுரேந்தர். அவள் வேண்டாமென்ற காரணத்தைத் தரகர் உளறிவிட்டார் போல, நேரிலேயே வந்துவிட்டான். "நீங்க பாத்தது நானில்லீங்க" என்று அவளிடம் ஆதாரை நீட்டினான். அவள் என் கைபேசியை வாங்கி, பழைய பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அடிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பல் டாக்டர் படத்தில் வெகுநேரம் நின்றாள்.

"என்னையக் கேட்டு வந்தது இவருங்களாப்பா?"

"அவரேதான் கண்ணு. தங்கமான பையன்" என்றேன். பிடிபட்ட பிறகு மறைப்பதில் என்ன ருசி?

முப்பத்தேழு வயதுப் பெண், ஒரு பையில் துணியை அள்ளிக்கொண்டு அவனோடு கிளம்பிவிட்டாள்.

நேற்று முழுக்க அவள் பெயரைப் போட்டுத் தேடினேன். வக்கீல் இந்துமதி, பாடகி இந்துமதி, யோகா இந்துமதி, ஆயிரம் பேர் வருகிறார்கள். என்னுடையவள் மட்டும் வரவில்லை. அதனால்தான் ஸ்டேஷன் ஏறினேன். ஆள் கடத்தல் என்றே எழுதுங்கள், அம்மிணி. அப்பனை விட்டு அவளாகப் போகிற பெண் இல்லை.