பதினோரு பக்கமும் நாலு வரியும்

புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் திடீரென்று, "சாகப் போற நேரத்துலயும் ஓரவஞ்சனை பண்ணிட்டாருடி எங்கப்பா" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க?"

"ஆளுக்கொரு லெட்டர் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. சிங்கப்பூர்ல இருக்காளே எந்தங்கச்சி, அவளுக்குப் பதினோரு பக்கம். கூடவே கெடந்து பீ மூத்திரம் அள்ளுன எனக்கு நாலு வரி."

"அவருக்குத்தான் கை நடுங்குமே, எப்புடி அம்புட்டு எழுதுனாரு?"

"அவரு எங்க எழுதுனாரு? அவரு சொல்லச் சொல்ல நாந்தான் எழுதுனேன். 'எஞ்செல்லம்', 'எங்கண்ணு'ன்னு அவளக் கொஞ்சுறத எல்லாம் எங்கையாலயே எழுத வச்சாரு. பல்லக் கடிச்சுக்கிட்டு எழுதுனேன்."

"அப்ப ஒங்களுக்கு உள்ளத யாரு எழுதுனா?"

"அத எங்கிட்டச் சொல்லி எழுத முடியுமா? அவரே எழுதித் தலகாணிக்கு அடியில வச்சிருந்தாரு. கோழி கெளறுன மாதிரி ஒரே கிறுக்கலு."

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

"தங்கச்சி என்ன சொல்றாங்க?"

"கருமாதிக்கு வந்தவ அதப் பாத்துட்டா. பதினோரு பக்கத்தையும் நீயே வச்சுக்க, அப்பா கையெழுத்து இருக்குற அந்தத் தாள மட்டும் எனக்குக் குடுன்னு ஒரே அழுக."

"குடுத்துட்டீங்களா?"

"ஆசையப் பாரு அவளுக்கு!" என்ற மூத்தவர், மடியிலிருந்த கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.