சைக்கிளிலிருந்து இறங்காதவன்

புலம்பெயர்ந்த தமிழர்களின் பென்டில் ஹில் முதியோர் சங்கத்தில் வியாழக்கிழமைகளில் விஜயாதான் தேநீர் போடுவார். இஞ்சி சற்றுக் கூடும். நான் குறை சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் இருபது வயதில் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். வெள்ளைக்காரத் துரையின் கட்டளையைத் தமிழில் சொல்வதும் என் வேலை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் கூலிகள் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். அங்கமுத்து இறங்கவில்லை.

"கிராணியாரே, இந்த ரோட்டைப் போட்டது எங்கப்பன். நீங்க ஓரமாப் போங்க."

பால் வெட்டும் பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் வேலைநிறுத்தம். அலுவலகத்தின் முன் இருநூறு பேர் வெறுங்கையோடு நின்றார்கள். கலைந்து போகும்படி மூன்று முறை எச்சரித்துவிட்டுக் கையை உயர்த்து, அதன் பிறகும் கலையாவிட்டால் சுடுவோம் என்று என்னிடம் சொன்னார் போலீஸ் அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது.

நான் மூன்று முறை சொன்னேன்: "எல்லாரும் உட்காருங்கள். உட்கார்ந்தவர்களைச் சுடமாட்டார்கள்."

நம்பினார்கள். தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியாக அங்கமுத்துவும் உட்கார்ந்தான். நான் கையை உயர்த்தினேன்.

நின்றிருந்தால் தொடையில் பட்டிருக்கும் குண்டுகள் நெற்றியில் பட்டன. பதினேழு பேர். ஒருத்தியின் மடியில் இருந்த பிள்ளையைத் துளைத்த குண்டே அவளையும் கொன்றது. அங்கமுத்துவுக்குத் தாடை இல்லை. ஆனாலும் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழியில் கிடந்த அவனுடைய சைக்கிளை எடுத்துச் சுவரில் சாத்திவைத்தேன். விசாரணையில், எச்சரித்தும் அவர்கள் வீம்புக்கு உட்கார்ந்ததாகச் சத்தியம் செய்தேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

விஜயா அங்கமுத்துவின் மகள். அன்று தாயோடு வேறு ஊரில் இருந்த கைக்குழந்தை; அவர்களிடம் போய்ச் சேர்ந்தது விசாரணையில் எழுதிய கதைதான். போன வியாழன் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அந்தத் தோட்டத்துலதான் இருந்தீங்களாமே? அப்பாவைக் கலைஞ்சு போகச் சொன்னாங்களா? எங்களை நினைக்காம வீம்புக்கு உக்காந்து செத்தான்னு அம்மா சாகுற வரைக்கும் திட்டினாங்க. நானும் அவருக்கு ஒரு விளக்குகூட ஏத்தினதில்ல."

"ஓம் பிள்ளை. மூண்டு தரம் சொன்னது. அவர் கேக்கேல்லை."

அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ ஆறிப்போச்சு, வேற தர்றேன்" என்றார்.

எனக்கு இப்போது தொண்ணூற்றேழு வயது. நன்றாகத் தூங்குகிறேன். சுடச் சொன்னது நானல்ல. சைக்கிளிலிருந்து இறங்காத ஒருவனைத் தரையில் உட்காரவைத்தேன், அவ்வளவுதான்.