அக்டோபரின் நிறம்

மாதத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் செய்கிற தவறு, அவசரப்படுவதுதான். வெயில் என்றால் ஆரஞ்சு, மழை என்றால் பச்சை என்று கடையில் விற்கிற நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். நான் காத்திருப்பேன். மாதம் பிறந்து சில நாட்கள் போனால், வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று தானாக வந்து கண்ணில் விழும். ஜனவரியில் ஜன்னல் கம்பியில் காய்ந்த ஒரு பழைய துண்டு, சாம்பல். மார்ச்சில் தண்ணீர் கசிந்து ஊறிய கூரை மூலை, பழுப்பு. நிறம் கிடைத்துவிட்டால் அந்த மாதம் முழுக்க அதுதான். நடுவில் மாற்றுவதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் இதுதான்.

ஸ்டுடியோவில் என் வேலை அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. வெள்ளைத் திரை, நேர்ப் பார்வை, இரண்டு காதும் தெரிய வேண்டும். எடுத்த முகங்களில் ஒன்றுகூட நினைவில் நிற்காது. அதனால் வீட்டில் எனக்காக எடுத்துக்கொண்டேன். திரைச்சீலை, மேசைவிரிப்பு, கூடத்துப் பல்பு எல்லாவற்றையும் மாதத்தின் நிறத்துக்கு மாற்றி, அதற்கு நடுவில் மனைவியை உட்காரவைத்து எடுப்பேன். வருடக் கடைசியில் எல்லா மாதமும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அவளுக்கு உட்காரத் தெரியாது. தையல் கடையில் நாள் முழுக்க வாயாடிவிட்டு வருகிறவள். "நான் என்ன, பெயிண்ட் கடையில காட்டுற சாம்பிளா?" என்பாள். சரியாக நான் பொத்தானை அழுத்தும்போது சிரித்துவிடுவாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். ஜூன் மாதம் பாதியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஜூன் படத்தில் வெறும் நாற்காலிதான் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. குரல் உயர்த்துகிற ஆள் இல்லை நான். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஆகஸ்டில் அவளுக்கு விடாத இருமல். காசநோய் என்று தெரிந்தது. தையல் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். டாக்டரம்மா பொறுமையானவர்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. மாத்திரைய ஒழுங்கா முடிச்சா பூரணமா குணமாயிடும். யூரின் ஆரஞ்சு கலரா போகும், அது மாத்திரையோட சாயம், விட்டுடுங்க. ஆனா சில பேருக்கு இது ஈரலப் புடிச்சிடும். கண்ணு வெள்ளை மஞ்சளாச்சுன்னா அடுத்த மாத்திரைய வாயில வைக்கக் கூடாது. நேரா இங்க வந்துடணும். அன்னைக்கே வந்தா காப்பாத்திடலாம்."

மனைவி முழங்கையால் என்னை இடித்தாள். "இவருக்கு நிறம்னா உசிரு, டாக்டர். வீட்ல ஒரு தக்காளி பழுத்தாக்கூட இவருக்குத்தான் முதல்ல தெரியும்."

"அப்ப நல்லதாப் போச்சு. தினமும் காலைல வெளிச்சத்துல நீங்களே பாத்துடுங்க சார்."

பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் பிறந்தது. நிறம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாம் பார்த்துச் சலித்தவையாக இருந்தன. அப்படி ஒரு நாள் காலையில், ஜன்னலோரம் அவளை நிறுத்தி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தபோது, அது அங்கே இருந்தது. மிக மெல்லிய மஞ்சள். வேறு யாராக இருந்தாலும் தவறவிட்டிருப்பார்கள்.

சந்தேகம் வேண்டாம் என்று ஒரு வெள்ளைத் தாளைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். இது எங்கள் தொழிலில் தினசரி வழக்கம். எது வெள்ளை என்று கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். கணினியில் தாளைத் தொட்டு இதுதான் வெள்ளை என்று காட்டினால், மற்ற நிறங்களெல்லாம் தத்தம் இடத்துக்குப் போய்விடும். காட்டினேன். தாள் வெளுத்தது. கண் வெளுக்கவில்லை.

"என்னங்க, சரியா இருக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"சரியா இருக்கு."

மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் நான்தான் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். இந்த அறைக்கு வருகிற எல்லோரும் அதையே கேட்கிறீர்கள். மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இத்தனை நாள் தேடிய நிறம், திரைச்சீலையில் இல்லாமல், மேசைவிரிப்பில் இல்லாமல், அவளிடமே வந்திருக்கிறது. அதை ஒரே ஒரு நாளில் அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

அன்று ஸ்டுடியோவுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மஞ்சள் திரைச்சீலையும் மஞ்சள் பல்புகளும் வாங்கி வந்தேன். கூடத்துக்கு, படுக்கையறைக்கு, சமையலறைக்கு. மற்ற மாதங்களில் குளியலறையை விட்டுவிடுவேன். அந்த மாதம் குளியலறைக் கண்ணாடிக்கு மேலும் ஒன்று மாட்டினேன். வேலையைச் செய்தால் முழுமையாகச் செய்ய வேண்டும்.

அதன் பிறகு அவள் ஒத்துழைத்தாள். உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்தேனோ அங்கேயே இருந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை, வாய் கசக்கிறது என்று மட்டும் சொல்வாள். ஒருநாள் படம் எடுத்து முடித்ததும் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இப்பல்லாம் நான் நல்ல பொண்ணா இருக்கேன்ல?" என்றாள். ஆமாம் என்றேன். உண்மையும் அதுதான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான மாதம் வேறில்லை.

அவள் தம்பி ஒரு சாயங்காலம் வந்தான். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மாமா இது, மாம்பழ ஜூஸ் பாட்டிலுக்குள்ள குடித்தனம் வந்த மாதிரி இருக்கு."

"செருப்பக் கழட்டிட்டு வந்து பேசுடா" என்றாள் அவள்.

எதிரில் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தையே பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, உன் கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன்.

"உன் கண்ணப் பாரு மாப்ள."

தலைக்கு மேல் பல்பு. பார்த்தான். அவன் கண்ணும் மஞ்சள், பல்லும் மஞ்சள்.

"அடச்சே" என்றான்.

அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். "ஃபிரிட்ஜுக்குக் காஸ் அடிக்கிறவனுக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை பாருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் குமட்டிக்கொண்டு வந்து, எழுந்து ஓடினாள்.

போகும்போது படிக்கட்டில் நின்று மெதுவாகச் சொன்னான்: "மாமா, எதுக்கும் பகல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மனசு கேக்கல."

மறுநாள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கட்டிலில் அவளை எடுத்தேன். கணினியில், வெள்ளை எது என்று காட்டுகிற இடத்தில், அவள் கண்ணைத் தொட்டேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரே ஒரு தொடுதல். கண் பால் போல வெளுத்தது. கன்னத்தில் ரத்த ஓட்டம் வந்தது. அனுப்பினேன். 'சூப்பர் மாமா, அக்கா கலராயிட்டா' என்று பதில் போட்டான்.

அன்றைக்கே அவள் கேட்டாள். "வாந்தி நிக்கவே மாட்டேங்குதுங்க. டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?"

செல்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். "டாக்டர் கண்ணத்தான பாக்கச் சொன்னாங்க. நீயே பாரு."

வெகுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "அட, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மாதக் கடைசியில் அவள் பேச்சு குழறத் தொடங்கியது. என்னைப் பார்த்து, ஐயா யாரு, துணி தைக்கணுமா என்று கேட்டாள். தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்ட தம்பி வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். அவளைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினான். கீழ்ப்படியில் பகல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவன் நின்றுவிட்டான். திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் கேட்டார். "சார், தினமும் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்" என்றேன்.

வீட்டில் எல்லாம் மஞ்சள் பல்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பாவம், அதனால்தான் தெரியாமல் போயிருக்கும் என்று அவரே சொன்னார். நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

நான் அனுப்பிய அந்தப் படத்தை ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்தது அவள் தம்பி. அவள் தோளுக்குப் பின்னால் தலையணை உறை நீலமாகத் தெரிகிறது. அது அவன் வாங்கிக் கொடுத்த வெள்ளை உறை. மஞ்சளை வெள்ளை என்று காட்டினால், உண்மையான வெள்ளை நீலமாகிவிடும். ஓரத்தை இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்க வேண்டும். அது என் கவனக்குறைவு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே பார்த்தேன். நிறுத்தினால் பிழைப்பாள், கொடுத்தால் பிழைக்க மாட்டாள் என்று தெரியும். தெரிந்துதான் தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்தேன். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. மாதம் முடிந்ததும் நானே கூட்டிப்போவதாக இருந்தேன். அக்டோபருக்கு முப்பத்தொரு நாள் என்பது என் கையில் இல்லை.

நோய்க்காரர்கள் கடைசிக் காலத்தில் எவ்வளவு பயப்படுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் பயப்படவே இல்லை. நன்றாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அதைக் கொடுத்தது நான்தான். இதை மட்டும் ஏன் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?